ஒரே வளாகம், இரண்டு நீதி

தண்டனை பெற்ற தகப்பன் பிள்ளையைப் பார்க்க வேண்டும் என்று மனுப் போட்டால், நீதிமன்றம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி எது?

கிழக்கு தில்லியின் கர்கர்டூமா நீதிமன்ற வளாகத்தில் 2012 செப்டம்பரில் ஒரு மையம் திறக்கப்பட்டது. நீதிமன்றத்தைக் கண்டு மிரளக்கூடிய சாட்சிகளுக்காக, முக்கியமாகக் குழந்தைகளுக்காக, தில்லி உயர் நீதிமன்றம் எடுத்த முயற்சி அது. குழந்தை தனி வழியாக வருகிறது. தனி அறையில் உட்கார்ந்து வீடியோ மூலம் பதில் சொல்கிறது. தன்னைக் கொடுமைப்படுத்தியதாகக் குற்றம் சாட்டப்பட்டவரின் முகத்தை அது பார்க்க வேண்டியதில்லை. அந்த ஆள் சொந்தத் தகப்பனாக இருந்தாலும் இதே விதிதான்.

அதே வளாகத்தில் குடும்ப நீதிமன்றங்களும் இயங்குகின்றன. அங்கே வரும் மனுக்களில் ஒரு வகை உண்டு. மனைவியைப் பிரிந்து போன தகப்பன், சில சமயம் தாய், நீண்ட இடைவெளிக்குப் பிறகு வந்து பிள்ளையைப் பார்க்க அனுமதி கேட்பார். இடைப்பட்ட வருடங்களில் அவர் மீது கிரிமினல் வழக்கு நடந்திருக்கலாம். தண்டனை கிடைத்து திகார் சிறையில் இருந்துவிட்டு வந்திருக்கலாம். மனு வந்ததும், முழு விசாரணை முடியும் வரை காத்திருக்காமல், இடைக்கால உத்தரவாகச் சந்திப்புக்கு நாள் குறிப்பது வழக்கம். மாதத்தில் இரண்டு சனிக்கிழமை, நீதிமன்றத்தின் குழந்தைகள் அறையில், ஓரிரு மணி நேரம் என்று உத்தரவு வரும்.

ஆக, ஒரு கட்டடத்தில் எந்த முகத்தைக் குழந்தை பார்க்கக் கூடாது என்று ஏற்பாடு செய்தார்களோ, அந்த முகத்துக்கு எதிரிலேயே இன்னொரு கட்டடத்தில் அதே குழந்தையை உட்கார வைக்க இடம் இருக்கிறது. இதில் யாருடைய கெட்ட எண்ணமும் இல்லை. கிரிமினல் கோர்ட்டின் கோப்பைக் குடும்ப கோர்ட் வரவழைத்துப் படித்தாக வேண்டும் என்று கட்டாயம் இல்லை, அவ்வளவுதான். யாராவது எடுத்துக்கொண்டு போய்க் காட்டினால் உண்டு. அந்த யாராவது பெரும்பாலும் ஒரு தாய். அல்லது மகளைப் பறிகொடுத்த தாத்தா பாட்டி.

திரை தானாக வந்துவிடவில்லை. 1990-களில் தில்லியில் ஒரு தாய், தன் கணவனே தங்கள் சிறு மகளைப் பாலியல் கொடுமை செய்ததாகப் புகார் கொடுத்தார். வழக்கு உயர் நீதிமன்றம் வரை போனது. அன்றைய இந்திய தண்டனைச் சட்டத்தின் பலாத்காரம் என்ற வரையறைக்குள் அந்தக் கொடுமை வராது என்று 1996-ல் தீர்ப்பு வந்தது. சட்டத்தின் சொற்கள் அவ்வளவு குறுகலாக இருந்தன. அந்த வழக்கோடு தொடர்புகொண்டிருந்த 'சாக்ஷி' என்ற தில்லி அமைப்பு 1997-ல் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. உச்ச நீதிமன்றம் கேட்டுக்கொண்டபடி சட்டக் கமிஷன் ஆராய்ந்து 2000-ல் தன் 172-வது அறிக்கையைத் தந்தது.

2004 மே மாதம் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வரையறையை மாற்றுவது நாடாளுமன்றத்தின் வேலை என்று ஒதுங்கிக்கொண்டாலும், சாட்சி சொல்லும் முறையை மாற்றியது. குற்றம் சாட்டப்பட்டவரின் உடலோ முகமோ குழந்தையின் கண்ணில் படாமல் திரை வேண்டும். குறுக்கு விசாரணைக் கேள்விகளை எழுத்தில் நீதிபதியிடம் கொடுக்க வேண்டும். குழந்தைக்குப் போதிய இடைவேளை வேண்டும் என்றது. இவற்றின் சாரம் 2012-ல் வந்த போக்சோ சட்டத்தில் இடம் பிடித்தது. சாட்சி சொல்லும்போது குழந்தை குற்றவாளியின் எதிரில் படக் கூடாது என்கிறது அதன் 36-வது பிரிவு. குழந்தைக்கு உறவினரே கொடுமை செய்திருந்தால் அதைக் கடுமையான குற்றமாகவும் அந்தச் சட்டம் கருதுகிறது. 2017-ல் தில்லியின் சாட்சி மையத்தைப் பாராட்டிய உச்ச நீதிமன்றம், மற்ற உயர் நீதிமன்றங்களும் இப்படி அமைக்க வேண்டும் என்று சொன்னது.

கிரிமினல் சட்டம் இவ்வளவு தூரம் வந்துவிட்டது. குடும்பச் சட்டம் எங்கே நிற்கிறது?

அடிப்படைச் சட்டம் 1890-ல் வெள்ளைக்காரர்கள் போட்டது. காப்பாளர் மற்றும் காப்புக்குட்பட்டோர் சட்டம் என்று பெயர். இன்றைக்கும் நடைமுறையில் இருப்பது அதுதான். காப்பாளராக விரும்புகிறவர் மனுவில் என்னென்ன சொல்ல வேண்டும் என்று அதன் 10-வது பிரிவு நீளமாகப் பட்டியல் போடுகிறது. மைனரின் பெயர், பால், மதம், பிறந்த தேதி, வசிப்பிடம், சொத்து, அந்தச் சொத்தின் மதிப்பு, நெருங்கிய உறவினர்கள் என்று போகிறது. 'உங்களுக்கு எந்த நீதிமன்றத்திலாவது தண்டனை கிடைத்ததுண்டா?' என்ற நேரடிக் கேள்வி அந்தப் பட்டியலில் இல்லை. குழந்தையின் சொத்தை எழுதச் சொன்னவர்களுக்கு, மனுதாரரின் குற்றத்தை எழுதச் சொல்லத் தோன்றவில்லை.

சட்டத்தில் ஒன்றுமே இல்லை என்றும் சொல்ல முடியாது. 17-வது பிரிவு காப்பாளராகப் போகிறவரின் நடத்தையைக் கணக்கில் எடுக்கச் சொல்கிறது. விவரம் தெரிந்த வயதுள்ள மைனரின் விருப்பத்தையும் கேட்கலாம் என்கிறது. நியமிக்கப்பட்ட காப்பாளரை நீக்குவதற்கான காரணங்களில், காப்பாளராக இருக்கத் தகுதியில்லை என்று காட்டும்படியான குற்றத்துக்குத் தண்டனை பெறுவதும் ஒன்று என்று 39-வது பிரிவு சொல்கிறது. ஆனால் இதெல்லாம் யாராவது போய்ச் சொன்ன பிறகு நடப்பது.

விசித்திரம் 1956-ல்தான் ஆரம்பிக்கிறது. அந்த வருடம் நாடாளுமன்றம் நிறைவேற்றிய இந்துச் சட்டங்களில் இரண்டை இங்கே பார்க்க வேண்டும். ஒன்று வாரிசுரிமைச் சட்டம். கொலை செய்தவர், கொல்லப்பட்டவரின் சொத்துக்கு வாரிசாக முடியாது என்கிறது அதன் 25-வது பிரிவு. இன்னொன்று மைனர் காப்புரிமைச் சட்டம். தகப்பன் இயற்கைக் காப்பாளர். அவருக்குப் பிறகு தாய் என்கிறது அதன் 6-வது பிரிவு. எப்போது இந்தத் தகுதி போகும்? வேறு மதத்துக்குப் போனால் போகும். உலகைத் துறந்து சந்நியாசியாகவோ வானப்பிரஸ்தனாகவோ ஆனாலும் போகும். இந்தப் பட்டியலில் சிறைக்குப் போனவன் இல்லை.

இரண்டையும் சேர்த்துப் படித்தால் கிடைப்பது இது. மனைவியைக் கொன்றவன் அவளுடைய நகைக்கு வாரிசாக முடியாது. அது தானாகவே நடந்துவிடும். அவளுடைய பிள்ளைக்கோ அவன் சட்டப்படி இன்னமும் இயற்கைக் காப்பாளர். அதை மாற்ற வேண்டுமானால் யாராவது மனுப் போட்டு, வாய்தாவுக்கு வாய்தா அலைந்து, வாதாடி ஜெயிக்க வேண்டும். சங்கிலிக்கும் வளையலுக்கும் சட்டம் தானே காவல் நிற்கிறது. பிள்ளைக்குக் காவல் நிற்க வேண்டியவர் பாட்டி.

தில்லி எழுத்தாளர் கீதா ஹரிஹரன் நடத்திய வழக்கு இந்தச் சுவரில் ஒரு விரிசலை உண்டாக்கியது. மகன் பெயரில் பத்திரம் வாங்க அவர் போட்ட கையெழுத்தை ரிசர்வ் வங்கி ஏற்கவில்லை. 1999 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம், 'தகப்பனுக்குப் பிறகு தாய்' என்பதற்குத் தகப்பன் இறந்த பிறகு என்று மட்டும் அர்த்தமில்லை, அவர் இல்லாத நிலையில் என்றும் பொருள்கொள்ள வேண்டும் என்றது. பிள்ளை மேல் அக்கறையே இல்லாத தகப்பனும் இல்லாதவர் கணக்கில்தான் வருவார். கணவன் சிறையில் இருக்கும்போது பள்ளி, வங்கி, ஆஸ்பத்திரி என்று அலையும் பெண்களுக்கு இது பெரிய உதவி. ஆனால் அவர் வெளியே வந்து வாசலில் நின்றால் பழைய கேள்வி மறுபடியும் எழுகிறது.

தீர்ப்புகளைப் பார்த்தால் நம்பிக்கை வரும். பிள்ளைகள் பெற்றோரின் உடைமையோ விளையாட்டுப் பொருளோ இல்லை என்று, சென்னையிலிருந்து போன ஒரு வழக்கில் 1973-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 1992-ல் குஜராத் வழக்கு ஒன்று வந்தது. தாய் இறந்துபோனாள். மனைவியைக் கொடுமைப்படுத்தியதாகத் தகப்பன் மேல் வழக்கு நிலுவையில் இருந்தது. பிள்ளைகள் தாய்மாமன் வீட்டில் வளர்ந்தார்கள். நீதிபதிகள் பிள்ளைகளிடமே பேசினார்கள். அம்மாவை அப்பா நடத்திய விதத்தை அவர்கள் சொன்னார்கள். தகப்பனுக்கு முன்னுரிமை உண்டு என்றாலும் இந்தப் பிள்ளைகளை அவரிடம் அனுப்புவது அவர்களுக்கு நல்லதில்லை என்று சொல்லி, மாமனிடமே விட்டார்கள்.

2008-ல் கொல்கத்தா வழக்கு. இதிலும் தாய் இறந்திருந்தாள். தகப்பன் மேல் வரதட்சணைக் கொடுமை வழக்கு. பையன் தாய் வழித் தாத்தா பாட்டியிடம் இருந்தான். கீழ் நீதிமன்றமும் உயர் நீதிமன்றமும் பையனைத் தகப்பனிடம் ஒப்படைக்கச் சொல்லிவிட்டன. உச்ச நீதிமன்றம் பையனைக் கூப்பிட்டுப் பேசியது. அவன் தெளிவாக, போக மாட்டேன் என்றான். இரண்டு உத்தரவுகளும் ரத்தாகின. தீர்ப்பு வராத கிரிமினல் வழக்குகூடக் கவனிக்க வேண்டிய விஷயம்தான் என்று நீதிபதிகள் சொன்னது இந்த வழக்கின் முக்கியத்துவம். நம் ஊரில் ஒரு கிரிமினல் வழக்கு முடிவதற்குள் குழந்தை கல்லூரிக்கே போய்விடும். தண்டனை வரட்டும், பிறகு பார்க்கலாம் என்று உட்கார்ந்திருந்தால் பாதுகாக்கக் குழந்தை இருக்காது. வளர்ந்த ஆள்தான் இருப்பார்.

நல்ல தீர்ப்புகள்தான். ஆனால் இரண்டும் டெல்லி வரை வந்து, உச்ச நீதிமன்றத்தில் கிடைத்தவை. அத்தனை தூரம் வர வசதியில்லாத குடும்பத்துக்கு முதல் வாய்தாவில் என்ன நடக்கிறது என்பதே முக்கியம்.

முதல் வாய்தாவில் தாய் சொல்லக்கூடிய ஒரே வலுவான வாசகம் 2005-ன் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தில் இருக்கிறது. குழந்தையை இடைக்காலமாகத் தாயிடம் ஒப்படைக்க மாஜிஸ்திரேட்டுக்கு அதன் 21-வது பிரிவு அதிகாரம் தருகிறது. எதிர்மனுதாரர் வந்து பார்ப்பது குழந்தைக்குக் கெடுதல் என்று மாஜிஸ்திரேட் கருதினால், அந்தச் சந்திப்பை அனுமதிக்க மறுத்தே ஆக வேண்டும் என்றும் சொல்கிறது. 'மறுக்கலாம்' என்று சொல்லவில்லை. இவ்வளவு நேரடியான வாசகம் 1890 சட்டத்தில் கிடையாது. அதே தகப்பன் குடும்ப நீதிமன்றத்தில் தனியாக மனுப் போட்டால், அங்கே இந்த வாசகம் தானாகப் பின்தொடர்ந்து வருவதில்லை.

இன்னொரு சிக்கலும் உண்டு. பயப்படும் தாயைப் பார்த்து, 'பிள்ளையின் மனதில் விஷத்தை ஏற்றிவிட்டாள்' என்று எதிர்த்தரப்பு சொல்லும். பெற்றோரில் ஒருவர் மற்றவர் மேல் பிள்ளைக்கு வெறுப்பை ஊட்டுவது பற்றி 2017-ல் தில்லியைச் சேர்ந்த ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் பேசியது. அப்படி நடப்பதும் உண்டு. அதை மறுக்க முடியாது. ஆனால் இந்த முத்திரையைக் கண்ட இடத்தில் குத்தக் கூடாது என்று 2024 மே மாதம் இன்னொரு தில்லி வழக்கில் அதே நீதிமன்றம் எச்சரித்தது. என்ன செய்தார், எப்போது செய்தார் என்று குறிப்பாகக் காட்டாமல் ஒருவரை அப்படி அழைக்கக் கூடாது என்றது. பயத்துக்கு ஒரு தண்டனைத் தீர்ப்பே சாட்சியாக இருக்கும்போது அது தூண்டிவிட்ட பயமா, நியாயமான பயமா என்பது அந்தத் தீர்ப்பைப் படித்தாலே தெரிந்துவிடும்.

மறுபக்கத்தையும் பார்த்துவிட வேண்டும். தண்டனை பெற்றவர்கள் எல்லோரும் பிள்ளைகளுக்கு ஆபத்தானவர்கள் இல்லை. செக் மோசடியில் உள்ளே போனவர், போராட்டத்தில் கைதானவர், திருட்டு வழக்கில் சிக்கியவர் ஆகியோரும் தண்டனை பெற்றவர்கள்தான். அவர்கள் மகளைக் கொஞ்சக் கூடாது என்று யாரும் சொல்ல முடியாது. சிறையில் இருக்கும் தாயோடு ஆறு வயது வரை குழந்தை இருக்கலாம் என்று 2006-ல் உச்ச நீதிமன்றமே வழிமுறைகள் வகுத்தது. ராஜீவ் காந்தி கொலை வழக்கில் ஆயுள் தண்டனை அனுபவித்த நளினி, மகளின் திருமண ஏற்பாடுகளுக்காக 2019-ல் பரோலில் வந்தார். அவருடைய வழக்கு எவ்வளவு பெரியதாக இருந்தாலும், மகளின் பாதுகாப்பு என்ற கேள்வி அங்கே எழவில்லை.

பிள்ளைகளுக்கும் ஏக்கம் உண்டு. அப்பா எப்படிப்பட்டவராக இருந்தாலும் அவர் முகம் எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்ள ஒரு வயதில் ஆசை வரும். திருந்தி வந்தவர்களும் இருக்கிறார்கள். பொய் வழக்கில் சிக்கியவர்களும் இருக்கிறார்கள். மேல்முறையீட்டில் விடுதலையானவர்களும் இருக்கிறார்கள். ஆகவே தண்டனை என்ற ஒரு சொல்லை வைத்துக் கதவைச் சாத்துவது நியாயமாகாது. பார்க்க வேண்டியவை வேறு. குற்றம் யார் மேல் நடந்தது? குழந்தை மேலா, குழந்தையின் தாய் மேலா, குழந்தை பார்த்துக்கொண்டிருக்கும்போதா? அதற்குப் பிறகு அவர் நடத்தை எப்படி? குடியை விட்டாரா, சிகிச்சை எடுத்துக்கொண்டாரா, ஜீவனாம்சம் கட்டினாரா? இத்தனை வருடம் விசாரிக்காதவர் இப்போது பிள்ளையைத் தேடுகிறாரா, அல்லது பிள்ளை மூலம் தாயின் விலாசத்தைத் தேடுகிறாரா?

கடைசிக் கேள்வி கற்பனைப் பயம் இல்லை என்பதை வெளிநாட்டு அனுபவம் காட்டுகிறது. ஆஸ்திரேலியாவில் மெல்பர்ன் அருகே டயப் என்ற ஊரில், 2014 பிப்ரவரி 12-ம் தேதி, லூக் பேட்டி என்ற 11 வயதுச் சிறுவன் கிரிக்கெட் பயிற்சிக்குப் போனான். தகப்பன் அவனைப் பொது இடத்தில், விளையாட்டுப் பயிற்சியின்போது மட்டும் பார்க்கலாம் என்பது ஏற்பாடு. அந்த மைதானத்திலேயே தகப்பன் அவனைக் கொன்றான். அவன் மேல் ஏற்கெனவே வழக்குகளும் நிறைவேற்றப்படாத வாரண்டுகளும் இருந்தன. ஒரு அலுவலகத்துக்குத் தெரிந்தது இன்னொரு அலுவலகத்துக்குத் தெரியவில்லை. தாய் ரோஸி பேட்டி ஓயவில்லை. அவர் கிளப்பிய விழிப்பின் தொடர்ச்சியாக விக்டோரியா மாநிலம் ராயல் கமிஷன் அமைத்தது. 2016-ல் வந்த அதன் அறிக்கையில் 227 பரிந்துரைகள். வன்முறை ஆபத்து பற்றிய தகவலைப் போலீஸும் நீதிமன்றமும் குழந்தைநலத் துறையும் பகிர்ந்துகொள்ளச் சட்டமும் வந்தது. பெற்றோர் இருவருக்கும் சமப் பொறுப்பு என்ற அனுமானத்தோடு விசாரணையைத் தொடங்கும் முறையை ஆஸ்திரேலியா 2024 மே மாதத்திலிருந்து கைவிட்டது.

பிரிட்டனில் 2021-ல் ஜேட் வார்ட் என்ற இளம் தாயை அவரைப் பிரிந்திருந்த கணவன் கொன்றான். நான்கு மகன்கள். அவர்களைப் பற்றிய முடிவுகளில் சிறையிலிருக்கும் கொலைகாரனுக்கும் சட்டப்படி குரல் இருந்தது கண்டு ஜேட்டின் பெற்றோர் கொதித்தார்கள். அவர்களுடைய போராட்டத்தால், பிள்ளைகளின் தாயையோ தகப்பனையோ கொன்று தண்டனை பெறுபவரின் பெற்றோர் அதிகாரத்தை, தண்டனை வழங்கும்போதே நிறுத்திவைக்கும் பிரிவு 2024-ல் சட்டமானது. அதன் பெயரே 'ஜேட் சட்டம்'. நம் வாரிசுரிமைச் சட்டம் 1956-லேயே நகைக்குச் செய்ததை அவர்கள் பிள்ளைக்குச் செய்திருக்கிறார்கள். தாத்தா பாட்டி கோர்ட் படியேற வேண்டாம். உரிமை வேண்டுமென்றால் கொலையாளி படியேறட்டும் என்பதே அதன் சாரம்.

இங்கே என்ன செய்யலாம்? பெரிய சட்டத் திருத்தம் வரும் வரை காத்திருக்க வேண்டாம். தில்லியில் வீட்டை வாடகைக்கு விடுவதற்கு முன் குடித்தனக்காரரின் விவரத்தைப் போலீஸில் கொடுத்துச் சரிபார்க்க வேண்டும். வீட்டு வேலைக்கு ஆள் சேர்த்தாலும் அப்படித்தான். தேர்தலில் நிற்பவர் தன் மேல் உள்ள கிரிமினல் வழக்குகளைப் பிரமாணப் பத்திரத்தில் எழுதிக் கொடுக்கிறார். அதற்குக் காரணம் 2002-ல் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பு. ஜீவனாம்ச வழக்குகளில் இரு தரப்பும் வருமானம், சொத்து, கடன் விவரங்களைப் பிரமாணப் பத்திரமாகத் தர வேண்டும் என்று 2020 நவம்பரில் அதே நீதிமன்றம் கட்டாயமாக்கியது. குழந்தை வழக்கிலும் ஒரு பக்கம் கூட்டினால் போதும். தன் மேல் நடந்த, நடக்கும் கிரிமினல் வழக்குகள், பெற்ற தண்டனை, பிறப்பிக்கப்பட்ட பாதுகாப்பு உத்தரவுகள் எல்லாவற்றையும் மனுதாரரும் எதிர்மனுதாரரும் எழுதித் தரட்டும். மறைத்தால் அதற்குத் தனி வழக்கு.

எழுதியதைச் சரிபார்க்கவும் வழி இருக்கிறது. 2018-ல் பாலியல் குற்றவாளிகளுக்கான தேசியப் பதிவேடு தொடங்கப்பட்டது. அதைப் போலீஸ் போன்ற விசாரணை அமைப்புகள் மட்டுமே பார்க்கலாம். பொதுமக்கள் பார்வைக்கு வைக்காததற்குக் காரணம் இருக்கலாம். ஆனால் குடும்ப நீதிமன்ற நீதிபதி போலீஸிடம் ஒரு அறிக்கை கேட்டால் சில நாட்களில் விஷயம் தெரிந்துவிடும். முதல் சந்திப்புக்கு நாள் குறிப்பதற்கு முன் அந்த அறிக்கை மேஜைக்கு வர வேண்டும். குழந்தை மேலோ அதன் தாய் மேலோ வன்முறை செய்து தண்டனை பெற்றவர் என்றால், சந்திப்பு பாதுகாப்பானது என்று காட்டும் பொறுப்பு அவருடையதாக வேண்டும். ஆபத்தானது என்று நிரூபிக்கும் பொறுப்பைத் தாயின் தலையில் வைக்கக் கூடாது.

சந்திக்க அனுமதித்தாலும் படிப்படியாகத்தான் போக வேண்டும். முதலில் ஆலோசகர் மூலம் கடிதம். பிறகு ஆலோசகர் உடனிருக்க வீடியோ அழைப்பு. நேரில் வர முடியாத பெற்றோருக்கு வீடியோ தொடர்பு தரலாம் என்று 2020-ல் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. அதன் பிறகு, தேவைப்பட்டால், பயிற்சி பெற்றவர் மேற்பார்வையில் நேர் சந்திப்பு. ஒவ்வொரு படியிலும் குழந்தை எப்படித் தூங்குகிறது, எப்படிச் சாப்பிடுகிறது, பள்ளியில் எப்படி இருக்கிறது என்று கேட்டபின்தான் அடுத்த படி. கூட்டம் நிறைந்த நீதிமன்ற வராந்தாவில் இரண்டு தரப்பும் ஒரே வாசலில் வந்து, ஒரே வாசலில் போவது சந்திப்பு ஏற்பாடு ஆகாது. சாட்சி சொல்ல வரும் குழந்தைக்குத் தனி வழி கட்ட முடிந்த வளாகத்தில், தகப்பனைப் பார்க்க வரும் குழந்தைக்கும் ஒரு தனி வழி கட்ட முடியும்.

சிறையும் இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி. குடும்ப உறவு அறுந்துவிடக் கூடாது என்பது பரோலின் நோக்கங்களில் ஒன்று. நல்ல நோக்கம். ஆனால் குற்றமே குடும்பத்தின் மேல் நடந்தது என்றால், உறவைத் தொடர அவர் எந்த வீட்டுக்குப் போவார்? பரோலில் வரும் நாளோ விடுதலையாகும் நாளோ குழந்தையை வளர்ப்பவருக்கு முன்கூட்டியே தெரிவிக்கப்பட வேண்டும். பள்ளி வாசலில் ஆளைப் பார்த்துத் தெரிந்துகொள்ளும் நிலை கூடாது.

இந்த நிலையில் இருக்கும் குடும்பங்கள் நினைவில் வைக்க வேண்டியவை சில. முதலாவது, எழுத்தில் ஒரு நீதிமன்ற உத்தரவு. அது இல்லாதவரை தகப்பன் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போனால், 'தகப்பன்தானே' என்று போலீஸ் ஸ்டேஷனில் கையை விரித்துவிடுவார்கள். உத்தரவு கிடைத்ததும் நகலைப் பள்ளித் தலைமையாசிரியரிடம் கொடுத்து, யார் வந்தால் பிள்ளையை அனுப்பலாம் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். பழைய தீர்ப்பு, எஃப்.ஐ.ஆர்., பாதுகாப்பு உத்தரவு ஆகியவற்றின் சான்றிட்ட நகல்களைத் தாங்களே வாங்கி வைத்திருந்து, முதல் வாய்தாவிலேயே தாக்கல் செய்ய வேண்டும். நீதிமன்றம் தானாக வரவழைக்கும் என்று இருந்துவிடக் கூடாது. வக்கீல் வைக்கப் பணமில்லை என்று தயங்க வேண்டியதில்லை. 1987-ன் சட்டப்படி பெண்களுக்கும் குழந்தைகளுக்கும், வருமானம் எவ்வளவாக இருந்தாலும், இலவசச் சட்ட உதவி உண்டு. தில்லியில் மாநிலச் சட்டப் பணிகள் ஆணையத்தின் அலுவலகம் ஒவ்வொரு மாவட்ட நீதிமன்ற வளாகத்திலும் இருக்கிறது. தில்லிக்கு வேலைக்கு வந்து, சொந்த ஊரும் உறவும் இரண்டு நாள் ரயில் பயணத்தில் இருக்கும் தமிழ்ப் பெண்களுக்கு இந்த அலுவலகம் மிகவும் உதவும்.

எல்லாவற்றையும்விடக் கடினமானது பிள்ளையிடம் என்ன சொல்வது என்பது. அப்பா வெளிநாட்டில் இருக்கிறார் என்று சொல்லி வளர்க்கும் வீடுகள் உண்டு. சம்மன் வரும் நாளில் அந்தப் பொய் உடையும். அப்போது பிள்ளை நம்பிக்கை இழப்பது, கூட இருப்பவர் மேல். வயதுக்கேற்ற உண்மையைச் சிறுகச் சிறுகச் சொல்லிவைப்பதே நல்லது. அப்பா தப்புச் செய்தார், அதற்குத் தண்டனை கிடைத்தது, நீ எந்தத் தப்பும் செய்யவில்லை என்ற அளவுக்கு ஆறு வயதுக் குழந்தைக்கும் புரியும். திட்ட வேண்டாம், மறைக்கவும் வேண்டாம். நாளைக்கு நீதிபதி தன் அறைக்குக் கூப்பிட்டுக் கேட்கும்போது, பிள்ளை சொல்வது அதன் சொந்த வார்த்தையாக இருக்கும்.

பிள்ளையைப் பார்ப்பது பெற்றவரின் உரிமை என்றே இதுவரை வாதம் நடந்து வந்திருக்கிறது. அந்த உரிமை பிள்ளையுடையது என்று வைத்துக்கொண்டால் பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும். பிள்ளைக்கு நல்லது என்றால் சிறைக் கதவையும் தாண்டி உறவு தொடரட்டும். கெடுதல் என்றால், தகப்பன் என்ற ஒரு சொல்லுக்காக அது பயந்து நடுங்க வேண்டியதில்லை. நகைப் பெட்டிக்குப் பூட்டுப் போடத் தெரிந்த சட்டம், பிள்ளை தூங்கும் அறைக்கும் ஒரு தாழ்ப்பாள் போடட்டும். திறப்பதா வேண்டாமா என்பதை உள்ளே இருப்பவரைக் கேட்டு முடிவு செய்யலாம்.